சாப்பாட்டு நேரத்தில் கம்பனி வண்டி: வாசகர் கேள்வி – பதில்

திருகோணமலை நகரத்திலிருந்து நிலாவெளி, குச்சவெளி, கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கம் பாசல், பேக்கரிச் சாமான், மருந்து, குளிர்பானம் என்று ஏற்றிக்கொண்டு தினமும் வண்டிகள் ஓடுகின்றன. அவற்றை ஓட்டும் சாரதிகளும், வண்டிகளின் சொந்தக்காரரும் அனுப்பிய கடிதங்களில் ஒரே விடயம் திரும்பத் திரும்ப வந்தது: இடைவேளையில் கம்பனி வண்டியைச் சொந்த வேலைக்கு எடுக்கலாமா? அதனால் இம்முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

*

கேள்வி: பாசல் கம்பனி ஒன்றில் வான் ஓடுகிறேன். பகல் ஒரு மணித்தியாலம் சாப்பாட்டு நேரம். வீடு உவர்மலையில், பகல் டெலிவரி முடியும் இடத்திலிருந்து 3 கிலோமீற்றர். இரண்டு வருடமாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருகிறேன், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. போன மாதம் ஜீ.பி.எஸ். பூட்டினார்கள். இப்போது 'அனுமதியில்லாத பாவனை' என்று விளக்கம் கேட்டுக் கடிதம் தந்திருக்கிறார்கள். அந்த ஒரு மணித்தியாலம் என்னுடையது இல்லையா?
– சாரதி, உவர்மலை

பதில்: நேரம் உங்களுடையதுதான். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வேலை செய்பவருக்கு ஒரு நாள் வேலை 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். சாப்பாட்டு இடைவேளை அந்த 8க்குள் சேராது. அதாவது அந்த நேரத்துக்கு முதலாளி சம்பளம் தரவில்லை. நீங்கள் எங்கே இருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கும் உரிமையும் அவருக்கு இல்லை. ஆனால் வண்டி அவருடையது. திறப்பு உங்கள் கையில் இருப்பது பாசல் கொடுப்பதற்காக. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்துப் பேசுவதால்தான் பெரும்பாலான சண்டைகள் வருகின்றன.

உங்கள் பக்கத்தில் பலமான நியாயம் ஒன்று இருக்கிறது. இரண்டு வருடம் தெரிந்தும் பேசாமல் இருந்தது மறைமுகமான அனுமதிதான். எந்த விசாரணையிலும் அதைச் சொல்லலாம். ஆனால் கடிதம் உங்கள் கைக்கு வந்த நாளோடு அந்த அனுமதி முடிந்துவிட்டது. இன்றிலிருந்து வண்டியை வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். "இத்தனை நாள் போனேன், இன்றைக்கும் போவேன்" என்று ஒரு நாள் போனாலும், பழைய இரண்டு வருடத்தின் நியாயமும் சேர்ந்து கெட்டுவிடும்.

பதிலை எழுத்திலேயே கொடுங்கள். கடிதத்தில் குறித்த திகதிக்குள் கொடுங்கள். எப்போதிலிருந்து போகிறீர்கள், எத்தனை கிலோமீற்றர், மேற்பார்வையாளருக்கு எப்படித் தெரியும், தடை என்று எழுத்தில் ஏதாவது இதற்கு முன் தரப்பட்டதா என்ற நான்கையும் நேராகச் சொல்லுங்கள். பின்னேர டெலிவரிகள் பிந்தவில்லை என்பதைக் காட்ட டெலிவரிப் பட்டியலில் உள்ள நேரங்களைப் பிரதி எடுத்து இணையுங்கள். "எல்லாச் சாரதிமாரும் செய்கிறார்கள்" என்று மட்டும் எழுத வேண்டாம். அது உங்களைக் காப்பாற்றாது, மற்றவர்களை மாட்டிவிடும். ஒரு பிரதியில் 'கிடைத்தது' என்று கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

இனி ஒரு முக்கியமான இடம். சில கம்பனிகள் "சாப்பாட்டு நேரத்திலும் வண்டியை விட்டு நகரக்கூடாது, பாசலுக்கும் காசுக்கும் நீதான் பொறுப்பு" என்று சொல்கின்றன. அப்படியானால் அது இடைவேளை இல்லை, காவல் வேலை. அந்த நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிடும்படி கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு. வண்டியைத் தொடவும் கூடாது, விட்டுப் போகவும் கூடாது என்று இரண்டு பக்கமும் கட்டிப்போடுவது சரியல்ல. பகலில் வண்டியைப் பூட்டி விட ஒரு பாதுகாப்பான இடத்தைக் கம்பனி காட்ட வேண்டும், அல்லது குறித்த தூரத்துக்கு அனுமதி தர வேண்டும்.

அனுமதி கேட்கும்போது பொதுவாகக் கேட்காமல் அளவோடு கேளுங்கள். கீழே உள்ளது போல ஒரு பக்கத்துக்குள் அடங்கும் கடிதம் போதும்:

"வேலை நாட்களில் பகல் 12.00 முதல் 2.00 வரையான நேரத்துக்குள் வரும் ஒரு மணித்தியால இடைவேளையில், அன்றைய வழித்தடத்திலிருந்து 3 கிலோமீற்றருக்கு மேற்படாமல், சாப்பாட்டுக்காக மட்டும் வண்டியைக் கொண்டு செல்ல அனுமதிக்கப்படுகிறது. வேலையாள் அல்லாத எவரையும், கம்பனிக்குச் சொந்தமில்லாத சாமான்களையும் ஏற்றக்கூடாது. வேறு எவரும் ஓட்டக்கூடாது. வண்டி நிற்கும்போது பூட்டப்பட்டிருக்க வேண்டும். வசூலித்த காசு வண்டியில் விடப்படக்கூடாது. போன இடமும் மீற்றர் அளவும் ரனிங் சாட்டில் (வண்டியின் ஓட்டப் பதிவேட்டில்) குறிக்கப்பட வேண்டும். இந்த அனுமதியை 7 நாள் முன்னறிவித்தலுடன் எழுத்தில் நீக்கலாம்."

இதில் இரண்டு பேரும் கையெழுத்திட வேண்டும். ஒரு பிரதி வண்டியின் டாஷ்போர்ட்டுக்குள் இருக்கட்டும்.

*

கேள்வி: மொத்த விநியோகம் செய்கிறேன். இரண்டு சிறிய 'பட்டா' லொறி, ஒரு வான், மூன்று மோட்டார் சைக்கிள். டீசல் கணக்கு மாதாமாதம் கூடிக்கொண்டே போகிறது. சாரதிமார் இடைவேளையில் சொந்த ஓட்டம் ஓடுகிறார்கள் என்று சந்தேகம். பிடிப்பது எப்படி?
– வியாபாரி, மத்திய வீதி

பதில்: பிடிக்க முதல் அளந்து பாருங்கள். அளக்காமல் சந்தேகப்படும் இடத்தில் நல்ல சாரதிதான் முதலில் வேலையை விட்டுப் போவார்.

தாங்கியை முட்ட நிரப்பி மீற்றரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறையும் அதே பெற்றோல் செட்டில், அதே பம்பில், பம்ப் தானாக நிற்கும் மட்டும் நிரப்புங்கள். இடையில் ஓடிய கிலோமீற்றரை இரண்டாம் முறை ஊற்றிய லீற்றரால் பிரியுங்கள். 412 கிலோமீற்றர் ஓடி 24.6 லீற்றர் பிடித்தால், லீற்றருக்கு 16.7. ஒரு தடவை பார்த்து முடிவு எடுக்க வேண்டாம். குறைந்தது மூன்று நிரப்பு பார்த்துச் சராசரி எடுங்கள். வண்டிக்கு வண்டி இது மாறும், பாதைக்குப் பாதையும் மாறும். நகரத்துக்குள் கடைக்குக் கடை நின்று நின்று போகும் வண்டியையும், கந்தளாய்ப் பாதையில் ஒரே சீராக ஓடும் வண்டியையும் ஒப்பிடாதீர்கள். 2022இல் கியூ.ஆர். எரிபொருள் பங்கீடு இருந்த காலத்தில் எல்லாரும் லீற்றர் லீற்றராக எண்ணினோம். 2023 செப்டெம்பரில் அது நிறுத்தப்பட்டதும் அந்தப் பழக்கமும் பல இடங்களில் போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

இப்போது இரண்டு வகைத் திருட்டு உண்டு, இரண்டும் வேறு வேறாகத் தெரியும். சொந்த ஓட்டம் ஓடினால் கிலோமீற்றர் கூடும், லீற்றருக்கு ஓடும் அளவு மாறாது. டீசல் இறக்கி விற்றால் கிலோமீற்றர் அப்படியே இருக்கும், லீற்றருக்கு ஓடும் அளவு விழும். உங்கள் கடிதத்தில் "டீசல் கூடுகிறது" என்று மட்டும் இருக்கிறது. கிலோமீற்றர் கூடியதா என்று இல்லை. முதலில் அதைப் பாருங்கள். அளவு விழுந்திருந்தாலும் உடனே ஆளைக் குற்றம் சொல்ல வேண்டாம். காற்றுக் குறைந்த டயர், அடைத்த எயார் பில்டர், முற்றாக விடாத பிரேக் ஆகிய மூன்றும் இதே அடையாளத்தைக் காட்டும். ஓடி வந்து நின்றவுடன் நான்கு சில்லையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கையை வைக்க முடியாத சூடாக இருந்தால் பிரேக் பிடித்தபடி ஓடுகிறது.

ஜீ.பி.எஸ். கணக்கும் வண்டி மீற்றரும் முழுதாக ஒத்துப்போகாது. டயர் தேய்ந்தால் சுற்றளவு குறையும், மீற்றர் கூடக் காட்டும். ஒரு சில சதவீத வித்தியாசம் களவு அல்ல. அதேபோல் வண்டி நிற்கும்போதும் வரைபடத்தில் கோடு சில பத்து மீற்றர் வட்டத்துக்குள் நெளியும். கட்டிடங்களில் பட்டு வரும் சிக்னலால் அப்படி ஆகிறது. அதைப் பார்த்து "சாப்பாட்டு நேரத்தில் வண்டியை ஆட்டியிருக்கிறாய்" என்று கேட்டால் சாரதி சிரிப்பார். இக்னிஷன் எப்போது போடப்பட்டது, எப்போது நிறுத்தப்பட்டது என்ற நிரலைப் பாருங்கள், அதுதான் நம்பக்கூடியது.

அந்த நிரலில் உங்களுக்கு இன்னொன்றும் தெரியவரும். ஒரு சாரதி 3 கிலோமீற்றர் தூரத்தில் உள்ள வீட்டுக்குப் போய் வந்தால் நாளுக்கு 6 கிலோமீற்றர், மாதம் 25 நாளுக்கு 150 கிலோமீற்றர், லீற்றருக்கு 16.7 என்றால் ஏறத்தாழ 9 லீற்றர். இன்னொரு சாரதி எங்கேயும் போகாமல், வானில் ஏ.சி.யைப் போட்டு, இஞ்சினை நிறுத்தாமல் ஒரு மணித்தியாலம் படுக்கிறார். சும்மா நிற்கும் சிறிய டீசல் இஞ்சின் ஏ.சி.யோடு மணித்தியாலத்துக்கு அரை லீற்றரிலிருந்து ஒரு லீற்றர் வரை குடிக்கும். மாதம் 12 முதல் 25 லீற்றர். வீட்டுக்குப் போனவருக்குக் கடிதம் கொடுத்து, அசையாமல் கிடந்தவரைப் பாராட்டும் முதலாளிமார் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

எங்கள் அபிப்பிராயம்: குறைந்த தூரத்துக்கு எழுத்தில் அனுமதி கொடுங்கள், அந்த 9 லீற்றரைச் செலவாக எழுதுங்கள், அதற்கு மேல் போனால் கண்டிப்பாக இருங்கள். ஒளித்துப் போகிற சாரதி வேகமாகப் போவார், ஒழுங்கையில் நிறுத்துவார், விபத்து நடந்தால் பொய் சொல்வார். அனுமதியோடு போகிறவர் ரனிங் சாட்டில் எழுதுவார். 9 லீற்றரை விட அந்தப் பொய் உங்களுக்கு விலை கூடியது. ஏன் என்று அடுத்த பதிலில் பாருங்கள்.

*

கேள்வி: எங்கள் வான் சாரதி இடைவேளையில் சொந்தச் சாமான் வாங்கப் போய்த் திரும்பி வரும்போது சீனக்குடாப் பக்கம் ஒரு மோட்டார் சைக்கிளோடு மோதிவிட்டது. மற்றவருக்குக் கால் முறிவு. சாரதிக்கும் காயம். யார் பொறுப்பு? காப்புறுதி தருமா?
– விநியோக முகவர், திருகோணமலை

பதில்: மூன்று கேள்விகளாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, காயப்பட்டவர் உங்கள் மேல் வழக்குப் போடலாமா என்பது. வேலையாள் வேலைக்குள் செய்த கவலையீனத்துக்கு முதலாளி பொறுப்பு. வேலையை விட்டுத் தன் பாட்டில் போனால் பொறுப்பில்லை. இந்தக் கோட்டை எங்கே போடுவது என்று ஏறத்தாழ 200 வருடமாக நீதிமன்றங்கள் பார்த்து வருகின்றன. 1834இல் லண்டனில் குதிரை வண்டி மோதிய வழக்கிலேயே இது வந்தது: முதலாளியின் வேலையோடு போகும்போது கொஞ்சம் வழி விலகினால் முதலாளி பொறுப்பு, முழுக்கத் தன் சொந்தச் சுற்றாகப் போனால் இல்லை என்றார் நீதிபதி. 1961இல் இங்கிலாந்தில் முடிந்த ஒரு வழக்கில், கட்டிடம் இடிக்கும் வேலையாட்கள் கம்பனி வானில் பல மைல் தூரத்தில் இருந்த கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள். வான் புரண்டு ஒருவர் இறந்தார். வானைப் பாவிக்க அனுமதி இருந்தும், அந்தப் பயணம் முதலாளியின் வேலை இல்லை என்று தீர்ப்பு வந்தது.

நமக்கு அதைவிடக் கிட்டியது தென்னாபிரிக்காவின் 1945 தீர்ப்பு. விபத்து நட்டஈட்டு விடயத்தில் இலங்கையின் பொதுச்சட்டம் உரோமன்-டச்சுச் சட்டம். தென்னாபிரிக்காவிலும் அதுவே என்பதால் அங்குள்ள தீர்ப்புகளை இங்கே வழக்கறிஞர்கள் எடுத்துக்காட்டுவார்கள். அந்த வழக்கில் சாரதி பாசல்களைக் கொடுத்துவிட்டு, வண்டியைத் திருப்பிக் கொண்டுவராமல் சொந்த வேலையாகப் போய்க் குடித்துவிட்டு, வண்டியைக் கொண்டு திரும்பும் வழியில் ஒருவரை மோதிக் கொன்றுவிட்டார். முதலாளியே பொறுப்பு என்றது மேன்முறையீட்டு நீதிமன்றம். சொந்த வேலையில் இருந்தபோதும் வண்டியைப் பார்த்துத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும் வேலையைச் சாரதி முழுதாகக் கைவிடவில்லை என்பதே காரணம். உங்கள் சாரதியும் திரும்பி வரும் வழியில்தான் மோதியிருக்கிறார், வண்டியில் பாசலும் இருந்திருக்கும். ஆகவே "அது அவனுடைய சொந்த ஓட்டம், எனக்குச் சம்பந்தமில்லை" என்று கையை விரித்துவிட்டு இருக்க முடியாது. இன்றே வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.

இரண்டாவது, காப்புறுதி. மூன்றாம் தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம்; மற்றவருடைய காயத்துக்கான கோரிக்கை அதற்குள் வரும். உங்கள் வானின் சேதத்துக்கு முழுக் காப்புறுதி இருக்க வேண்டும். ஒப்பந்தத்தை எடுத்து இரண்டு இடத்தை மட்டும் வாசியுங்கள். ஒன்று 'ஓட்ட உரித்துள்ளவர்': அங்கே பெரும்பாலும் உரிமையாளரின் கட்டளைப்படி அல்லது அனுமதியோடு ஓட்டுபவர் என்று இருக்கும். மற்றது 'பாவனை வரையறை': சில ஒப்பந்தங்களில் வியாபாரச் சரக்குக்கும் சொந்தத் தேவைக்கும் என்று இருக்கும், சிலவற்றில் வியாபாரத்துக்கு மட்டும் என்று இருக்கும். வியாபாரத்துக்கு மட்டும் என்றால், வருடக் காப்புறுதியைப் புதுப்பிக்கும்போது சொந்தத் தேவையையும் சேர்த்துத் தரும்படி எழுத்தில் கேளுங்கள்.

காப்புறுதிக் கம்பனிக்கு உண்மையைச் சொல்லுங்கள். "டெலிவரிக்குப் போய்க்கொண்டிருந்தார்" என்று சொன்னால் பாசல் செயலியில் கடைசியாகப் பதிந்த நேரமும், ஜீ.பி.எஸ். கோடும், சாமான் வாங்கிய பில்லும் அதைப் பொய் என்று காட்டிவிடும். வரையறைக்குள் வந்திருக்கக்கூடிய கோரிக்கையும் பொய்யால் போய்விடும். இனிமேலாவது சாரதிமாருக்குச் சொல்லி வையுங்கள்: மோதினால் வண்டியை நிறுத்த வேண்டும், காயப்பட்டவரைப் பார்க்க வேண்டும், பொலிஸுக்கும் காப்புறுதிக் கம்பனிக்கும் அந்த இடத்திலிருந்தே அழைக்க வேண்டும். வண்டியை நகர்த்த முதல் வீதியின் இரு பக்கமும் தெரியும்படி படம் எடுக்க வேண்டும்.

மூன்றாவது, சாரதியின் காயம். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையின் காரணமாகவும் வேலையின் போதும் நேர்ந்த விபத்தைப் பார்க்கிறது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு வீட்டிலிருந்து வேலைக்கு வரும், வேலையிலிருந்து வீட்டுக்குப் போகும் பயணமும் சேர்ந்தது. சாமான் வாங்கப் போன ஓட்டம் இந்த இரண்டிலும் நேராக விழவில்லை. இது வாதாட வேண்டிய விடயம். எழுத்தில் அனுமதியும், வழித்தடத்துக்குக் கிட்டிய தூரமும் இருந்திருந்தால் சாரதியின் வாதம் பலமாக இருந்திருக்கும். அனுமதிக் கடிதம் முதலாளிக்கு மட்டும் கவசம் என்று நினைக்கும் சாரதிமார் இதைக் கவனிக்க வேண்டும்.

*

கேள்வி: வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கம்பனி லொறியில் பள்ளிவாசலுக்குப் போகலாமா? எங்கள் மேற்பார்வையாளர் 'பாதை விலகல்' என்று எழுதுகிறார்.
– சாரதி, கிண்ணியா

பதில்: வெள்ளிக்கிழமை 12 மணிக்குப் பிறகு கிண்ணியாவிலும் மூதூரிலும் கடைகள் பூட்டுகின்றன. அந்த நேரத்தில் கொடுக்கவும் ஆள் இல்லை, வாங்கவும் ஆள் இல்லை. எனவே வெள்ளிக்கிழமைக்குத் தனிப் பட்டியல் போடுவதுதான் வழி. காலையில் தூர இடங்கள், 12 மணிக்குப் பள்ளிவாசலுக்குக் கிட்டிய கடைசிக் கடை, அங்கேயே இடைவேளை, 1.30க்குப் பிறகு மீதி. அப்படிப் போட்டால் விலகல் என்ற பேச்சே வராது. ஹெல்பர் முஸ்லிம் அல்லாதவர் என்றால் தொழுகை நேரத்தில் அவர் வண்டியோடு இருப்பார். நீங்கள் வந்தபின் அவருக்கு முழு இடைவேளை கொடுக்க வேண்டும், அதை மறக்க வேண்டாம். பள்ளிவாசல் வாசலை லொறியால் மறைக்காமல் நிறுத்துங்கள்; ஜும்ஆ முடிந்து எல்லாரும் ஒரேயடியாக வெளியே வருவார்கள். இந்த ஒரு மணித்தியாலத்துக்காக மேற்பார்வையாளர் கடிதம் எழுதுவது தேவையில்லாத வேலை என்பது எங்கள் எண்ணம்.

*

கேள்வி: பாடசாலை 1.30க்கு விடும். இடைவேளையில் டெலிவரி மோட்டார் சைக்கிளில் மகளைக் கூட்டிக்கொண்டு வரலாமா?
– பாலையூற்று

பதில்: வேண்டாம். பின்னால் பெட்டி பூட்டிய மோட்டார் சைக்கிளில் பிள்ளை இருக்க இடம் இல்லை. தாங்கியின் மேல் இருத்தினால் பிரேக் பிடிக்கும்போது பிள்ளைதான் முதலில் ஹாண்டிலில் மோதும். வான், லொறி என்றாலும் வேலையாள் அல்லாதவருக்கு மேலதிக கட்டணம் கட்டிச் சேர்க்காமல் காப்புறுதி இருக்கிறது என்று எண்ணாதீர்கள். இடைவேளையை 1.15 முதல் 2.15 வரை மாற்றித் தரும்படி கேளுங்கள். அதைக் கேட்பதில் வெட்கம் இல்லை. காலையில் உங்கள் சொந்தச் சைக்கிளைக் களஞ்சியத்தில் விட்டு, பகலில் அதில் போங்கள்.

*

கேள்வி: கச்சான் காற்று வீசும் காலத்தில் பகலில் வண்டிக்குள் இருக்கவே முடியவில்லை. இஞ்சினை நிறுத்து என்கிறார்கள். எப்படி ஓய்வெடுப்பது?
– சாரதி, நிலாவெளி

பதில்: வெயிலில் பூட்டி நிற்கும் வண்டிக்குள் ஒரு மணித்தியாலத்தில் 50 பாகை செல்சியசைத் தாண்டும். அது உங்களுக்கும் கூடாது, ஏற்றியிருக்கும் சாமானுக்கும் கூடாது. சொக்கலேட் உருகும், மருந்து கெடும், கைபேசி பற்றரிகள் வீங்கும். இன்சுலின் போன்றவை 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டியவை. அவை வண்டியில் இருந்தால் முதலில் கொடுத்துவிட்டுத்தான் சாப்பாட்டுக்குப் போக வேண்டும்.

நிழலில் நிறுத்துங்கள், வேம்பு, வாகை நல்லது, தென்னைக்குக் கீழே வேண்டாம். முன் கண்ணாடிக்கு மறைப்புப் போட்டு, காற்று வரும் பக்கத்துக்கு இரண்டு கதவையும் திறந்து வையுங்கள். இஞ்சினை ஓடவிட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் பத்து நிமிடம் ஏ.சி. போட்டுக் குளிராக்கி நிறுத்துங்கள். வண்டியின் பின்பக்கத்தை மதிலோடு ஒட்டி நிறுத்தியோ, மூடிய கராஜுக்குள்ளோ இஞ்சினை ஓடவிட்டுப் படுக்கவே கூடாது. புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. தூக்கத்தோடு தூக்கமாக உயிர் போகும்.

பிரெட்றிக் கோட்டைப் பக்கம் நிறுத்துபவர்கள் புறப்பட முதல் குனிந்து வண்டிக்குக் கீழே பாருங்கள். வெயிலுக்குப் புள்ளிமான்கள் லொறியின் நிழலில் வந்து படுக்கும். ஹோர்ன் அடித்தால் வெருண்டு சில்லுப் பக்கமே ஓடும். கையைத் தட்டி எழுப்பி, அது விலகியபின் எடுங்கள்.

*

கேள்வி: சாப்பாட்டு நேரத்தில் கடற்கரை மணலில் லொறி புதைந்துவிட்டது. முதலாளிக்குச் சொல்லாமல் எடுக்க வழி உண்டா?
– உப்புவெளி

பதில்: எடுக்க வழி உண்டு. சொல்லாமல் விட வழி சொல்லமாட்டோம்.

புதைந்தவுடன் அக்சிலேற்றரை விடுங்கள். சில்லு சுற்றச் சுற்றக் குழி ஆழமாகும், அச்சு மணலில் இருந்துவிடும். பட்டா போன்ற சிறிய லொறிகளுக்குப் பின்சில்லுதான் இழுக்கும். சாமான் இறக்கிய வெறும் லொறியில் பின்பக்கம் பாரமில்லாததால் இன்னும் வேகமாகச் சுற்றும். பின்சில்லுகளுக்கு முன்னால் உள்ள மணலை ஒரு முழம் நீளத்துக்குச் சரிவாக அள்ளுங்கள். தென்னோலை, சாக்கு, கால்மிதி ஏதாவது சில்லுக்கு அடியில் நெருக்கிச் செருகுங்கள். பின் டயர்களின் காற்றை 20 பீ.எஸ்.ஐ. மட்டில் இறக்குங்கள்; டயர் பரந்து மணலைப் பிடிக்கும். இரண்டாம் கியரில், கிளச்சை மெதுவாக விட்டு எடுங்கள். தள்ளுபவர்கள் வண்டிக்கு நேர் பின்னால் நிற்கக்கூடாது, மூலைகளில் நிற்க வேண்டும். தார் வீதிக்கு வந்ததும் முதல் வேலை காற்று நிரப்புவது. அதுவரை மெதுவாக ஓட வேண்டும். இறக்கிய காற்றோடு பாரம் ஏற்றி ஓடினால் டயரின் பக்கச் சுவர் சூடாகி வெடிக்கும்.

அன்று பின்னேரமே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். வில்தகட்டுக்கு இடையிலும் பிரேக் குழாயிலும் தங்கும் உப்பு மணல் சில மாதத்தில் துருவாக வெளியே வரும். அப்போது முதலாளி கேட்பதை விட இன்றைக்கு நீங்களே சொல்வது நல்லது.

*

கேள்வி: இடைவேளையில் ஒரு சின்ன 'ஹயர்' ஓடினேன், ஐந்து மூட்டை சீமெந்து. இதற்காகவும் வேலையிலிருந்து நிறுத்தலாமா? சம்பளத்திலும் வெட்டுவோம் என்கிறார்கள்.
– சாரதி, தம்பலகாமம்

பதில்: வாடகைக்கு ஓடியது சாப்பாட்டுக்குப் போனதைப் போன்றது அல்ல. சொந்தச் சரக்குக்கான காப்புறுதியில் வாடகை ஓட்டம் பொதுவாக விலக்கப்பட்டிருக்கும். அந்த ஒரு மணித்தியாலம் வண்டி பாதுகாப்பில்லாமல் ஓடியிருக்கிறது. முதலாளியின் வண்டியில் நீங்கள் காசு உழைத்திருக்கிறீர்கள். இது பாரதூரமான குற்றச்சாட்டு என்பதை ஒப்புக்கொண்டே மேலே படியுங்கள்.

ஆனாலும் ஒழுங்கு முறை உண்டு. குற்றச்சாட்டை எழுத்தில் தந்து, விளக்கம் கேட்டு, உள்ளக விசாரணை வைத்து முடிவெடுப்பதே முறை. 15 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடம் என்றால், ஒழுக்காற்றுக் காரணத்துக்காக நிறுத்தும்போது அந்தக் காரணத்தை அடுத்த இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் எழுத்தில் தர வேண்டும். நியாயமற்று நிறுத்தியதாகக் கருதினால் தொழில் நியாய சபைக்கு 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பேச்சுவார்த்தை என்று இழுபட்டு இந்தக் காலத்தைத் தவறவிட்டவர்கள் பலர். சம்பளத்தில் நினைத்தபடி வெட்ட முடியாது. சட்டம் அனுமதித்த பிடித்தங்கள் மட்டுமே செய்யலாம். திருகோணமலைத் தொழில் அலுவலகத்தில் சம்பளத் துண்டோடு போய் முறையிடலாம். வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

*

கேள்வி: நான் சாப்பிடும்போது ஹெல்பர் லொறியை நிழலுக்கு நகர்த்துகிறார். அவரிடம் மோட்டார் சைக்கிள் லைசன் மட்டும் உண்டு.
– சாரதி, கந்தளாய்

பதில்: பத்து மீற்றர் என்றாலும் கூடாது. மொத்தப் பாரம் 3,500 கிலோவுக்குட்பட்ட வண்டிக்கு பீ வகுப்பு, அதற்கு மேல் 17,000 கிலோ வரை சீ1 வகுப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். திறப்பை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போங்கள்.

*

கேள்வி: பகலில் மீன் மலிவாகக் கிடைத்தால் வாங்கிப் பாசல் வானில் வைக்கிறேன். மணம் போகவில்லை என்று பழி. என்ன செய்ய?
– சாரதி, திருகோணமலை

பதில்: முதலில் மீன் வாங்குவதை வேலை முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள், உடுப்புப் பாசலில் பிடித்த மீன் மணத்துக்கு வாடிக்கையாளர் பாசலைத் திருப்பி அனுப்புவார், அந்த நட்டம் உங்கள் பேரில் எழுதப்படும். இப்போது இருக்கும் மணத்துக்கு: சுடுதண்ணீர் ஊற்ற வேண்டாம், மீன் நீர் வெந்து தரையோடு ஒட்டிவிடும். பச்சைத் தண்ணீரில் இரண்டு தரம் கழுவி, சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்து, தரை விரிப்பைக் கழற்றி அதன் அடியையும் தேயுங்கள். மணம் பெரும்பாலும் அங்கேதான் நிற்கும். பிறகு அப்பச்சோடாவைத் தூவி இரவு முழுவதும் விட்டு, காலையில் கூட்டி எடுத்து, கதவுகளைத் திறந்து வெயிலில் காய வையுங்கள்.